எம்.பி.டி. இப்போதா, பிறகா?

கேள்வி: மகள் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்துவிட்டாள். உடனே எம்.பி.டி. (அதன் முதுநிலை) சேர்க்கலாமா? – ஒரு தாய், தக்கலை

பதில்: அது இரண்டு ஆண்டுப் படிப்பு, அம்மா. எலும்பு மூட்டு, நரம்பியல், இதயம்–நுரையீரல் என ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயாளிகளைத் தொடாமல் எது தனக்கு வரும் என்று எப்படித் தெரியும்? நான் எலும்பு மூட்டுதான் என்று அடம்பிடித்தவள். குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், பக்கவாதத்தால் கத்தியைப் பிடிக்க விரல் மடங்காமல் அழுதார். மூன்று மாதம் கழித்துத் தேநீர்க் கோப்பையைத் தானே தூக்கினார். நான் நரம்பியலுக்கு மாறிவிட்டேன்.

ஓராண்டு வேலை பார்க்கட்டும். பிறகு கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மாணவரை நோயாளியிடம் விடுவார்களா என்று கேளுங்கள். (நாங்கள் பொம்மை முதுகெலும்பைத்தான் அதிகம் தடவினோம்!)