தர்மபுரியிலிருந்து தபாலில் அனுப்பிய கிஃப்ட் கார்டு போய்ச் சேரவில்லை, பில்லும் கையில் இல்லை. மாற்றுக் கார்டு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயம் வேண்டும். கார்டு நம்பர் தெரிய வேண்டும், எடுத்தவன் செலவு செய்வதற்குள் கார்டை நிறுத்தியிருக்க வேண்டும். உங்களிடம் பில் இல்லை என்கிறீர்கள். அதற்கும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, கார்டு கொடுத்த கடைக்கோ வங்கிக்கோ போன் போட்டு, தொலைந்துவிட்டது, உடனே பிளாக் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் அதைச் செய்யத் தாமதித்ததால்தான் 5,000 ரூபாய் கார்டு ஒன்று போனது.

நான் காவேரிப்பட்டணம். மதுரையில் கட்டிக்கொடுத்த என் தம்பி மகளுக்குப் போன ஜூனில் வளைகாப்பு. பெங்களூரா மாங்காய் ஃபேக்டரிக்கு லோடு போகிற நேரம் அது, தோப்பை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவளே பிடித்த புடவையாக எடுத்துக்கொள்ளட்டும் என்று கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் 5,000 ரூபாய் கார்டு இரண்டும், வங்கியில் 10,000 ரூபாய் கிஃப்ட் கார்டு ஒன்றும் வாங்கினேன். மூன்றையும் ஒரு வாழ்த்து அட்டைக்குள் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டி, கூரியரில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"அத்தை, வாழ்த்து அட்டை நேத்தே வந்துருச்சு. ரொம்ப அழகா இருந்துச்சு."

"கார்டெல்லாம் பத்திரமா வெச்சுக்கிட்டியா கண்ணு?"

"எந்தக் கார்டு அத்தை?"

நான் கேட்காமல் இருந்திருந்தால் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அத்தை வாழ்த்து மட்டும்தான் அனுப்பினாள் என்றே நினைத்திருப்பாள். அதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

கவரையும் அட்டையையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கவரின் இடது ஓரத்தில் பிளேடால் கீறி, மறுபடி பசை தடவி ஒட்டியிருந்தது. பசை காய்ந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அட்டையின் உள்ளே நான் டேப் ஒட்டிய மூன்று இடத்திலும் தங்க நிறத் தாள் உரிந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு. உள்ளே கார்டு இருந்தது என்பதற்கு அந்த மூன்று திட்டுதான் பிறகு எனக்குச் சாட்சி. அதனால் கவரைத் தூக்கிப் போடாதே என்று பெற்றுக்கொண்டவரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். கோபத்தில் நேராகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி கூரியர் ஆபீஸுக்குப் போய்விட்டேன். "இங்கிருந்து சரியாத்தான் போயிருக்கு மேடம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றேன். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் ஜவுளிக்கடைக்குப் போன் போட்டேன். ஒரு கார்டில் 12:40-க்கு வேறு ஊர் கிளையில் 4,950 ரூபாய்க்குப் பில் போட்டிருந்தார்கள். நான் கவுண்டரில் வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது.

இன்னொரு கார்டு தப்பித்தது. கடை மேனேஜர் முதலில், தொலைந்தால் பொறுப்பில்லை என்று கார்டின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது என்றார். மாற்றிக் கொடுப்பதைப் பிறகு பேசலாம் சார், முதலில் கார்டை நிறுத்துங்கள் என்றேன். பில்லில் இரண்டு கார்டு நம்பரும் இருந்ததால் அப்போதே நிறுத்தினார். கார்டை நிறுத்துவது வேறு, மாற்றித் தருவது வேறு. முதலாவதைக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நிறுத்திய கார்டில் பணம் அப்படியே இருப்பதால், பிறகு மாற்றுக் கார்டு கேட்க நமக்கும் வாய் இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்குப் பில் நகலோடு மெயில் போட்டேன், மூன்று வாரத்தில் புதுக் கார்டு வந்தது.

வங்கிக் கார்டு முழுசாகத் தப்பியது. வாங்கும்போது என் மொபைல் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். புதன் ராத்திரி இரண்டு ஓடிபி வந்திருக்கிறது, ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். எடுத்தவன் ஆன்லைனில் முயற்சி செய்து பார்த்திருக்கிறான். ஆதாரும் பணம் கட்டிய ரசீதும் கொடுத்து, சின்னதாக ஒரு கட்டணம் கட்டினேன். பத்து நாளில் மாற்றுக் கார்டு என் கைக்கு வந்தது. வாங்கியவர்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண் மதுரையிலிருந்து கூப்பிட்டபோது வங்கியில் பேசவே இல்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட கிஃப்ட் கார்டு ஒன்றின் உச்ச மதிப்பு 10,000 ரூபாய். குறைந்தது ஒரு வருடம் செல்லும், காலாவதியானாலும் கேட்டால் புதுப்பித்துத் தரலாம். வங்கி இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம், தகவலுக்கு 14448. கடை தன் கடைக்கு மட்டுமென்று கொடுக்கும் கார்டுக்கு இந்த வழி கிடையாது, அதற்கு 1915 நுகர்வோர் உதவி எண்தான்.

செலவான கார்டுக்காகக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அந்தக் கிளையின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கடைக்கும் எழுதினேன். ஆள் சிக்கவில்லை. கூரியர் ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இழப்பீடு 100 ரூபாய் என்று இருந்தது. 1915-இல் பதிவு செய்த பிறகு 2,000 கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. எனக்குத்தான் அலைய நேரம் இல்லை.

எடை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கார்டு சுமார் 5 கிராம். மூன்று போனால் 15 கிராம் குறையும், எங்கே எடுத்தார்கள் என்று பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கூரியர் ரசீதில் "250 கிராம் வரை" என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். தபால் நிலைய ஸ்பீடு போஸ்ட் ரசீதில் எடை கிராம் கணக்கில் அச்சாகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது, 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடக் கட்டினால் ஓடிபி சொன்னால்தான் கொடுப்பார்கள். இப்போது அனுப்ப வேண்டியிருந்தால் அப்படித்தான் அனுப்புகிறேன். கவரை ஒட்டுவதற்கு முன் கார்டின் இரு பக்கமும் போட்டோ, ரகசிய பின் (PIN) நம்பர் இருந்தால் அதைக் கவரில் வைக்காமல் போனில்.

இனி உங்கள் பில். ஜிபே-யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள், 12 இலக்க யுபிஐ எண் இருக்கும். அந்த எண், தேதி, நேரம், பில் போடும்போது கொடுத்த மொபைல் நம்பர், இவை இருந்தால் கடையின் கம்ப்யூட்டரில் உங்கள் பில்லைத் தேடி எடுக்கலாம். கார்டு நம்பர் அதில்தான் இருக்கும். நேரில் போங்கள். விற்பனைப் பையனிடம் கேட்காமல் கணக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள், அன்றைய பில்களை அவர்தான் எடுத்துக்கொடுப்பார்.