அப்பா “போதும்ப்பா”ன்னு சொல்றாரு, நான் சரின்னு சொன்னா அது கருணைக்கொலையா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நுரையீரல் கேன்சர், முதுகெலும்புக்குப் பரவிடுச்சு, பரவின விஷயத்தை அவர்கிட்ட இன்னும் சொல்லல. ராத்திரி வலி தாங்காம “கோப்பெருஞ்சோழன் மாதிரி வடக்கிருந்து போயிடறேன், விட்டுடுங்கடா”ன்னு அழறாரு. ஐசியூ, வென்டிலேட்டர் எதுவும் வேணாம்ங்கறாரு. துபாய்ல இருக்கிற அண்ணன், என்ன செலவானாலும் பாத்துக்கலாம், விட்டுடக் கூடாதுன்னு சொல்றாரு. நான் அப்பா பேச்சைக் கேட்டா அது கொலையா? நம்ம நாட்டுல சட்டம் என்ன சொல்லுது?

தம்பி, நான் பேலியேட்டிவ் கேர் டாக்டர், அதாவது குணமாக்க முடியாத நோயில வலியையும் கஷ்டத்தையும் தணிக்கிற டாக்டர், உங்க கேள்வியை வேற வேற வாயில வாரத்துக்கு நாலு தடவையாவது கேக்கறேன். முதல்ல பயத்தைப் போக்கிடறேன். வென்டிலேட்டர் வேணாம்னு சுயநினைவோட ஒருத்தர் சொல்றது கருணைக்கொலை இல்ல, அது அவரோட உரிமை, நீங்க அதுக்கு ஒத்துக்கிட்டா உங்க மேல கேஸ் வராது. உயிரை முடிக்கிறதுக்குன்னே ஊசி போடறதுதான் வேற கதை, அவரே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாலும் இங்க அது குற்றம். நெதர்லாந்துல 2002லயும் கனடாவுல 2016லயும் அதுக்கு சட்டம் வந்துடுச்சு, நம்ம நாட்டுல இல்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம கோர்ட் கோடு போட்டது ஒரு நர்ஸால. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியில வேலை பாத்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர்ல அங்கேயே வேலை பாத்த ஒருத்தன் தாக்கினதுல மூளை பாதிச்சு, 41 வருஷத்துக்கு மேல அதே ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்தாங்க. அவங்களைச் சாக விட்டுடணும்னு போட்ட மனுவை 2011ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல, ஏன்னா அவங்களைக் குளிப்பாட்டி ஊட்டி விட்ட நர்ஸுங்களும் டாக்டருங்களும் நாங்க பாத்துக்கறோம்னு நின்னாங்க. ஆனா உயிரை இழுத்துப் பிடிக்கிற ட்ரீட்மென்ட்டை நிறுத்தறதுக்கு ஒரு வழியை அதே தீர்ப்புதான் முதல்ல திறந்து விட்டுச்சு. அருணா 2015 மே மாசம் நிமோனியாவுல போயிட்டாங்க. அந்த நர்ஸுங்களை நெனச்சா எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்கும், ஆனா அருணாவுக்கு என்ன வேணும்ங்கறதை மட்டும் அருணா வாயால கேக்க யாருக்கும் முடியல. அப்புறம் 2018 மார்ச் 9ம் தேதி அஞ்சு நீதிபதி பெஞ்ச், கௌரவமா சாகறதும் அரசியல் சட்டம் 21வது பிரிவு குடுக்கற உரிமைதான்னு சொல்லி, பேச முடியும்போதே எழுதி வெச்சுக்கற மருத்துவ விருப்பப் பத்திரத்தை, லிவிங் வில்னு எல்லாரும் சொல்றதை, செல்லும்னு ஆக்கினாங்க.

இப்ப உங்கப்பா சொன்ன கோப்பெருஞ்சோழன். வாத்தியாருக்கு நான் பாடம் எடுக்க முடியாது, இருந்தாலும் சொல்றேன், அந்த ராஜாவுக்கு நோய் ஒண்ணும் கிடையாது, பெத்த பசங்களே எதிர்த்துப் படை தூக்கிட்டு வந்த மானக்கேட்டுல வடக்கிருந்தவரு, அதாவது வடக்கு பாத்து உக்காந்து சாப்பிடாம உயிரை விட்டவரு. புறநானூறு அதைப் பெரிசாத்தான் பாடுது. ஆனா அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 222வது பாட்டு. கூட உக்காரணும்னு புலவர் பொத்தியார் கேக்கறாரு, அவர் மனைவி பிள்ளைத்தாச்சி, பிள்ளை பொறந்தப்புறம் வான்னு ராஜா அனுப்பி வெச்சுடறாரு. சாவை எவ்வளவோ உயர்த்திப் பேசின அந்தக் காலத்துலயும் யார் கேக்கறாங்க, எந்த நிலைமையில கேக்கறாங்கன்னு பாத்திருக்காங்க. இன்னொரு பக்கம் நம்ம விருதுநகர் சுத்துப்பட்டுல தலைக்கூத்தல்னு ஒண்ணு நடந்துச்சு, படுத்த படுக்கையா இருக்கிற கெழவன் கெழவியை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி முடிச்சு விடறது. அவங்க கஷ்டப்படறாங்கன்னுதான் காரணம் சொல்வாங்க. கேட்டது யாருன்னு பாத்தா பெரும்பாலும் படுத்திருந்தவங்க இல்ல. சட்டமா ஊசிக்கு அனுமதி குடுத்துடலாமேன்னு யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணெய்க் குளியல்தான் ஞாபகம் வருது. அதனாலயே எனக்கு அதுல சம்மதம் இல்ல, உண்மையாவே யோசிச்சுக் கேக்கற ஆளுங்களும் இருக்காங்கன்னு தெரிஞ்சும் இல்ல.

அதனால உங்ககிட்ட முதல்ல கேக்கறது இதுதான், பரவின விஷயத்தை ஏன் இன்னும் சொல்லல? டால்ஸ்டாய் 1886ல எழுதின ‘இவான் இலியிச்சின் மரணம்’ கதையில அந்த நீதிபதிக்கு வலியை விடப் பெரிய சித்திரவதை, சுத்தி இருக்கிறவங்க எல்லாம் “உடம்பு சரியாயிடும்”னு நடிக்கிறதுதான். கெராசிம்னு ஒரு வேலைக்காரப் பையன் மட்டும் நடிக்க மாட்டான், ராத்திரி முழுக்க அவர் காலைத் தன் தோள்மேல தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நம்ம ஊர்ல ரூம் கதவை வெளியிலயே சாத்திட்டு “டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க”ன்னு கேக்காத பிள்ளையே இல்ல. தன் உடம்புல என்ன நடக்குதுன்னே தெரியாத மனுஷன் எடுக்கற முடிவு எப்படிங்க அவரோட முடிவாகும்? “எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நெனக்கறீங்கப்பா?”ன்னு ஆரம்பிங்க, பெரும்பாலும் பாதி அவங்களே சொல்லிடுவாங்க.

ரெண்டாவது வலி. எலும்புல பரவின வலியோட ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தர் “என்னை விட்டுடுங்க”ன்னா அதை அப்படியே முடிவா எடுத்துக்காதீங்க. சில வருஷம் முன்னாடி ஒரு பாட்டி, என் கையைப் புடிச்சு “ஒரு ஊசியப் போட்டு அனுப்பிடு சாமி”ன்னாங்க, அதுவரைக்கும் அவங்களுக்குக் குடுத்திருந்தது வெறும் பாரசிட்டமால். மார்ஃபின் மாத்திரை ஆரம்பிச்சு நாலாம் நாள் போறேன், கட்டில்ல உக்காந்து சுருக்குப்பைக்குள்ள கைவிட்டுப் பாக்குத் தேடிட்டிருக்காங்க. ஊசியைப் பத்தி அப்புறம் பேசவே இல்ல, பேத்திக்குத் தோடு வாங்கறதைப் பத்திதான் பேசினாங்க. மார்ஃபின்னா சீக்கிரம் கொன்னுடும்னு ஒரு பயம் இருக்கு, சரியான அளவுல குடுத்தா அப்படி இல்ல, மலச்சிக்கல் வரும், கூடவே அதுக்கும் மருந்து குடுப்போம், மூச்சுத் திணறலுக்கும் அது உதவும். எலும்பு வலிக்கு ஒரே சிட்டிங் ரேடியேஷன் கூட நிறைய பேருக்குக் கேக்கும். மார்ஃபின் கிடைக்கிறதை லேசாக்க 2014லயே சட்டத்தைத் திருத்தியாச்சு. உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில பேலியேட்டிவ் பிரிவு எதுன்னு கேளுங்க, மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வந்தும் பாக்கறாங்க.

வலி அடங்கி, விஷயம் தெரிஞ்சு, அப்பவும் அவர் வேணாம்னு சொன்னா உடனே அந்த லிவிங் வில்லை எழுத வெச்சுடுங்க. 2018ல மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னு இருந்துச்சு, 2023 ஜனவரியில அதை லேசாக்கிட்டாங்க, இப்ப ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்து போட்டா போதும். தனக்கு நினைவு இல்லாதப்ப யார் பேசணும்னு பேர் போட்டு எழுதணும், ரெண்டு பேர் பேர் கூடப் போடலாம். எப்ப வேணா மனசு மாறி ரத்தும் பண்ணலாம். நினைவு தப்பின பிறகு ட்ரீட்மென்ட்டை நிறுத்தணும்னா ஆஸ்பத்திரியில மூணு டாக்டர் போர்டு ஒண்ணு பாக்கும், அப்புறம் வேற மூணு பேர் போர்டு பாக்கும், ஒவ்வொண்ணுக்கும் கூடியவரை 48 மணி நேரம், மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் மட்டும் போகும். அதுக்குன்னு “வேணாம்”னு மட்டும் எழுதாம எங்க இருக்கணும், யார் பக்கத்துல இருக்கணும்னும் எழுதச் சொல்லுங்க, தமிழ் வாத்தியார், நல்லாவே எழுதுவாரு.

கடைசி நாள்ல சாப்பாடு தானா நிக்கும். பட்டினி போட்டுக் கொல்றோமோன்னு எல்லாரும் பதறுவாங்க, இல்லங்க, உடம்பு மூடிக்கறப்ப பசி வராது, அப்ப ஊட்டினாலோ பால் ஊத்தினாலோ நுரையீரலுக்குத்தான் போகும். பஞ்சைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சுட்டு உதட்டையும் நாக்கையும் ஈரம் பண்ணிட்டே இருங்க, உதட்டுல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்க.

உங்கண்ணன் விஷயத்தைத் தள்ளிப் போடாதீங்க. நான் பாத்த வரைக்கும் எல்லாம் பேசி முடிச்ச வீட்டுல ராத்திரி ஃபிளைட்ல வந்து இறங்கற ஒருத்தர்தான் “டியூபைப் போடுங்க டாக்டர்”னு கத்துவாரு, கெட்ட மனசுல இல்ல, பக்கத்துல இருக்க முடியலயேங்கற குத்தத்துல. பத்திரம் எழுதற அன்னைக்கு அவரை வீடியோ கால்ல உக்கார வெச்சு, நீங்க படிச்சுக் காட்டாம அப்பாவையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.