வாரண்டி கேட்டால் சமாதானம் சொல்லி அனுப்புகிறார்களா?

டூவீலர் ஷோரூம் சர்வீஸ் கவுண்டரில் வாரண்டி பேப்பர் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது கம்பத்தில் சொந்தப் பட்டறை. குமுளி மலைக்கு மேலேயும் கீழேயும் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, வண்டி தேனியில் எடுத்தது. இருப்பது வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. பக்கத்து ஷோரூமில், "இங்கே வாங்கலையே, தேனிக்கே போங்க" என்கிறார்கள்.

வாரண்டி கொடுப்பது கம்பெனி, வண்டியை விற்ற கடை இல்லை தம்பி. அதே கம்பெனியின் எந்த அங்கீகரித்த சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம். சேஸிஸ் நம்பரைப் போட்டால் வண்டி எடுத்த தேதி வந்துவிடும். கேரளா, தமிழ்நாடு என்ற பேச்சே இதில் கிடையாது.

ஆனால் ஃபோர்க்கில் ஆயில் வெளியே வராமல் பிடிக்கிற ஆயில் சீல் ரப்பர் சாமான். சில கம்பெனிகள் அதை வாரண்டியில் சேர்ப்பதில்லை, புத்தகத்தில் 'பொருந்தாதவை' பக்கத்தைப் பாருங்கள். அதோடு ஃபோர்க் பைப்பையும் காட்டச் சொல்லுங்கள். குரோம் உரிந்திருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, மறுபடி கசியும். பைப்பையே கேளுங்கள். கல் பட்ட கீறல் என்றால் மட்டும் கம்பெனி ஒத்துக்கொள்ளாது.

மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது. ஷோரூமுக்குப் போனால் ஒழுங்காக ஓடுகிறது. "பிராப்ளம் ஒண்ணும் இல்லை" என்று பலமுறை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வாரண்டி முடிகிறது. (கூடலூர்)

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. முதலில் வீட்டில் இருக்கும் ஜாப் கார்டுகளை (சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதித் தரும் சீட்டு) எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாயால் சொன்ன புகார் அதில் இருக்கிறதா? பெரும்பாலும் 'ஜெனரல் செக்-அப்' என்றோ 'வாட்டர் வாஷ்' என்றோதான் எழுதியிருப்பார்கள். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது சுருக்கமாக எழுதுவது எங்கள் பழக்கம். அப்படி எழுதினால், கம்பெனி கணக்கில் உங்கள் வண்டிக்குக் கோளாறே வரவில்லை.

அதனால் இனிமேல் "மழையில் ஓடும்போது எஞ்சின் நிற்கிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜாப் கார்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால், சென்சார், வயரிங் கோளாறு பலவும் குறியீட்டு எண்ணாக (code) வண்டியிலேயே பதிவாகும். ஸ்கேனர் போட்டதும் அழித்துவிடுவார்கள், அதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லிப் படம் பிடியுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி வண்டியை அங்கேயே விடுங்கள்.

வாரண்டி முடிவதற்குள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போய்விட வேண்டும். சேஸிஸ் நம்பரும் ஜாப் கார்டு நம்பரும் அதில் இருக்கட்டும். தேதிக்குள் புகார் பதிவாகிவிட்டால், பிறகு "வாரண்டி முடிஞ்சிருச்சே" என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்குச் சிரமம்.

மூடுபனிக்காக ஃபாக் லைட் போட்டேன். ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சீராக்குவது) எரிந்துவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள், நியாயமா? (ஏலத்தோட்டத்திலிருந்து)

வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான். ரிலே, ஃப்யூஸ் இல்லாமல் இழுத்திருப்பார்களே? ஆனால் அதே லைட்டைக் காட்டி நாளைக்கு கியர்பாக்ஸ் வாரண்டியையும் மறுத்தால் விடாதீர்கள். லைட்டால்தான் அது கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

குமுளி மலை ஏறி இறங்கியே பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. கிடைக்குமா?

கிடைக்காது. தேய்கிற சாமான் அது. இறக்கத்தில் நியூட்ரலில் வராமல் கியரில் வாங்க.

பேட்டரி செத்துவிட்டது, ஷோரூமில் கைவிரிக்கிறார்கள். (ஸ்கூட்டர் ஓட்டும் ஆசிரியை, கம்பம்மெட்டு)

பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு அக்கா. வண்டி பில்லோடு பேட்டரி கம்பெனி டீலரிடம் போங்க. டயர் வீங்கினாலும் இதே வழிதான். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1424 என்றால் 2024-ன் 14-வது வாரம் செய்தது.

கட்டப்பனையில் வாங்கினேன், குடியிருப்பது கம்பத்தில். ஷோரூமும் கம்பெனியும் மறுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டால் கேரளாவுக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்களுக்குத் தேனி. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமலும் பேசலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

மாற்றின பழைய பார்ட்டை நான் வாங்கிக்கொள்ளலாமா? புதுசுக்கு மறுபடி முழு வாரண்டி உண்டா?

பழையது கம்பெனிக்குப் போக வேண்டும், தர மாட்டார்கள். கழற்றியதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுசுக்குப் பெரும்பாலும் வண்டியின் மிச்ச வாரண்டி மட்டுமே ஓடும். பில்லில் அந்தப் பார்ட்டுக்கும் லேபருக்கும் ரூபாய் போட்டிருந்தால் கட்டாதீர்கள். ஆயில், கூலண்டுக்குக் கேட்டால் அது தனிக்கணக்கு.