பழுதுபார்த்து விற்க வாங்கிய காலி வீடு: பழைய பாலிசி போதுமா?

கேள்வி: கோவையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழமையான தனி வீடு ஒன்றைக் கிரயம் பெற்றுள்ளேன். வயரிங், குழாய்கள், தரை அனைத்தையும் புதுப்பித்து ஐந்தாறு மாதங்களில் விற்பது என் திட்டம். அதுவரை அங்கு யாரும் குடியிருக்க மாட்டார்கள். விற்றவர் 2018-இல் தம் பெயரில் எடுத்த பத்தாண்டுத் தீக்காப்பு பாலிசியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அது போதுமா? வேலையாட்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் கான்ட்ராக்டர்தானே பொறுப்பு?

பதில்: அந்தப் பாலிசியை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். காப்பீடு வீட்டோடு கைமாறுவதில்லை. அது பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அக்காலத்தில் வழங்கப்பட்ட தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசியின் பொது நிபந்தனைகளின்படி, சொத்தின் மீதான உரிமை விற்பனையால் வேறொருவருக்குச் சென்றாலோ, கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தாலோ, இழப்பு நேர்வதற்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதலை எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கப்படும் எழுத்துக் குறிப்பு) வழியாகப் பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் பாதுகாப்பு நின்றுவிடும். உங்கள் வீட்டில் முதலாவது ஏற்கெனவே நடந்துவிட்டது, இரண்டாவது நடக்கவிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு வாங்கியவருக்குத் துணை நிற்பதாகச் சிலர் கூறுவார்கள். ஆனால் விற்றவர் உண்மையில் பெற்ற காப்பீட்டுத் தொகையைக் கட்டடத்தைச் சீரமைக்கச் செலவிடுமாறு கேட்கும் உரிமையை மட்டுமே அது தருகிறது. உரிமையை விட்டுவிட்ட அவருக்கு நிறுவனம் ஒன்றும் தராதபோது உங்களுக்கும் ஒன்றும் வராது.

ஆகவே உங்கள் பெயரில் புதிய பாலிசி எடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி குடியிருப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அதில் திருட்டுக்கான பாதுகாப்பு, தீ, வெள்ளம் போன்ற காப்பீடு செய்யப்பட்ட நிகழ்வு ஒன்றின் விளைவாக அடுத்த 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே உண்டு. காலி வீட்டில் செப்புக் கம்பியும் மோட்டாரும் இரவோடு இரவாகக் காணாமல் போவதுதான் அடிக்கடி நடப்பது. அதற்குத் தனியாகக் கன்னக்களவு (வீடு உடைத்துத் திருடுதல்) காப்பீடு தேவை. மேலும் இடிப்பு, கட்டுமானம், கட்டமைப்பு மாற்றம் ஆகியவற்றால் நிலம் தாழ்ந்து ஏற்படும் சேதத்தை அந்தப் பாலிசி ஏற்பதில்லை. சுவர்களை இடித்து மாற்றுவதாக இருந்தால், கட்டுமான வேலையின்போது நேரும் சேதங்களுக்கான, கான்ட்ராக்டர்களின் ‘ஆல் ரிஸ்க்’ பாலிசியை எடுத்து, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தையும் அண்டை வீட்டாருக்கு நேரும் சேதத்தையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எந்தப் பாலிசியானாலும் விண்ணப்பத்தில் மூன்று உண்மைகளை எழுத்தில் கொடுங்கள்: வீடு காலியாக உள்ளது, புதுப்பிப்பு வேலை நடக்கிறது, விற்கவே வாங்கினீர்கள். பிரீமியம் கூடும் என்பதற்காக ‘சொந்தக் குடியிருப்பு’ என்று குறிக்கச் சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்காதீர்கள். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்போது உடைத்த தரையும் குவித்த மணலும் உண்மையைச் சொல்லிவிடும். அப்போது மறைத்த குற்றம் உங்கள் மீதுதான் விழும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது போதாது, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.

வேலையாட்கள் விஷயத்தில் உங்கள் எண்ணம் ஆபத்தானது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-க்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இன்படி, தம் தொழில் அல்லது வியாபாரத்தின் பொருட்டு வேலையைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைப்பவர், தம் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் நேரும் விபத்துக்குக் கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் நேரடியாக இழப்பீடு தர வேண்டியவர் ஆகிறார். தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பவர் இதற்குள் வரமாட்டார் என்று வாதிடலாம். இலாபத்துக்கு விற்கப் புதுப்பிக்கும் உங்களுக்கு அந்த வாதம் வலுவற்றது. கொடுத்ததைக் கான்ட்ராக்டரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை அதே சட்டத்தில் உண்டு என்றாலும், சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பம் அதுவரை காத்திருக்க இயலாது. கான்ட்ராக்டரின் பணியாளர் இழப்பீட்டு பாலிசியின் நகலைப் பெற்றபின் வேலையைத் தொடங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் கோரிக்கை மறுக்கப்பட்டால், விற்பனைக்கான வீடு என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று நிறுவனம் சொல்லக்கூடும். இழப்பை ஈடுசெய்ய எடுக்கும் காப்பீடு பொதுவாக வணிக நோக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் கூறியுள்ளது. முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

விற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அட்வான்ஸ் வாங்கியதும் பாலிசியை ரத்து செய்யாதீர்கள். வேறு ஏற்பாடு இல்லாதவரை கிரயப் பத்திரம் நிறைவேறும் நாள்வரை வீட்டுக்கு நேரும் சேதம் உங்களுடையதே.