ரெடிமேட் வீடு: வாசகர் கேள்விகள்

கே: 600 சதுர அடி வீட்டுக்கு 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்த பலகை) போதுமா? (தஞ்சாவூர்)

ப: சுவருக்குப் போதும். கூரைக்கு 75-க்குக் கீழே இறங்காதீர்கள், வெயில் முழுக்க விழுவது அங்கேதான். பேனல் இணைப்பில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வையுங்கள். வெறும் சிலிக்கானை மட்டும் நம்பினால் ஒழுகும்.

கே: பழைய கன்டெய்னரை வீடாக்கினால் மலிவுதானே? (தூத்துக்குடி)

ப: எந்தக் கன்டெய்னர்? உயரத்தை எழுதவே இல்லை. சாதாரணம் எட்டரை அடி, ஹை கியூப் ஒன்பதரை அடி; இரண்டும் வெளி அளவு. இன்சுலேஷனும் சீலிங்கும் அடித்தபின் ஹை கியூபிலேயே எட்டரை அடி மிஞ்சினால் பெரிது. ஏசி இல்லாத அறைக்கு தேசியக் கட்டட விதி கேட்பது 2.75 மீட்டர், அதாவது 9 அடி. பிளைவுட் தரை பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியது. கழற்றிவிட்டு சிமெண்ட் போர்டு போடுங்கள்.

கே: நகர்த்தக்கூடிய வீட்டுக்கு பிளான் அப்ரூவல் வேண்டாமாமே?

ப: சொன்னவர் விற்றவர்தானே? வேண்டும். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு என்றால் சுயசான்றிலேயே முடிகிறது, 2024 முதல்.

கே: கோவையில் விற்கும் டிசைனையே சென்னையில் விற்கலாமா?

ப: கூடாது. கோவைக்கு அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். இலேசான கூரையைக் காற்று அமுக்காது, தூக்கும். வீட்டை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டையும் கூரை ஸ்க்ரூ இடைவெளியையும் இன்ஜினீயரிடம் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். கடலோரத்தில் இரும்புத் தகட்டின் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 275 கிராமுக்குக் குறையக் கூடாது.

கே: நோட்டீஸில் '100 சதவீதம் பசுமை வீடு, கரண்ட் பில் பாதி' என்று போடலாமா? (திருப்பூர்)

ப: எதை வைத்து? உங்கள் பேனல் இரண்டு இரும்புத் தகடு, நடுவே பெட்ரோலியத்திலிருந்து வரும் ஃபோம். ஒட்டிப்போன ஃபோமைத் தகட்டிலிருந்து பிரிக்க முடியாது, பழைய இரும்புக்காரரும் முகம் சுளிப்பார். பச்சை பெயின்ட் அடித்த ஷெட்டெல்லாம் பசுமை வீடாகிவிட்ட காலம் இது! ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்துக்கு எதிராக 2024-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதலே போட்டிருக்கிறது. கரண்ட் பில்லைத் தீர்மானிப்பது மேற்குச் சுவரும் ஜன்னலும் ஏசியை ஓட்டுபவரும், நீங்கள் அல்ல. உள்ளதைப் போடுங்கள்: சுவருக்குக் க்யூரிங் தண்ணீர் வேண்டாம், இடிபாடு குறைவு, போல்ட்டைக் கழற்றினால் ஃபிரேம் வேறிடத்துக்கு உதவும். ஃபோம் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ என்றால் டெஸ்ட் சான்றோடு போடுங்கள். நிஜமாகவே கழிவில் வீடு கட்ட ஆசையா? உரத் தொழிற்சாலை ஜிப்சத்தில் வார்க்கும் 124 மி.மீ. ஜிஎஃப்ஆர்ஜி (கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம்) பேனலைப் பாருங்கள், சென்னை ஐஐடி அதிலேயே மாதிரி வீடு கட்டிக் காட்டியிருக்கிறது. கிரேன் நுழைய வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சதுர அடி ரேட்டுக்குக் கீழேயே பேஸ்மென்ட், செப்டிக் டேங்க், கிரேன், லாரி வாடகை சேராது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

கே: பாத்ரூம் டைல் உதிர்கிறது.

ப: சுவர் சிமெண்ட் போர்டு எத்தனை மி.மீ., அதைத் தாங்கும் ஸ்டட் (நிற்கும் சட்டம்) இடைவெளி எவ்வளவு? அளவில்லாத கடிதம் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! 8 மி.மீ. போர்டு, இரண்டடி ஸ்டட் என்றால் சுவர் அசையும், டைல் விழும். 12 மி.மீ. போர்டு, ஓரடி ஸ்டட், வளையக்கூடிய டைல் பசை. வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றுங்கள், ஷவர் பக்கம் ஆறடி.