காரை எவ்வளவு தாழ்த்தலாம்?

கேள்வி: கோவையில் ஃபோக்ஸ்வேகன் போலோ வைத்திருக்கிறேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கோயிலோவர் சஸ்பென்ஷன் செட் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் 50 மி.மீ. இறக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் அடி உரசுகிறது, பள்ளத்தில் விழுந்தால் 'டக்' என்று இடிக்கிறது, முன் டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. அம்மா பின் சீட்டில் ஏறவே மாட்டேன் என்கிறார். பம்ப் ஸ்டாப்பைப் பாதி வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வெட்டலாமா? சரியான உயரம் எது?

பதில்: தயவுசெய்து பம்ப் ஸ்டாப்பை வெட்டாதீர்கள். ஷாக் அப்சார்பர் தண்டில் மாட்டியிருக்கும் அந்த நுரைக் கட்டைதான் உள்ளே இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பாற்றுகிறது. அதை வெட்டினால் இடிக்கும் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு பிஸ்டன் அடிவால்வில் போய் முட்டி, ஷாக்கே போய்விடும்.

உங்கள் கார் ஏன் இடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் ஸ்பிரிங் 5 கிலோ ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1 மி.மீ. அமுங்க 5 கிலோ வேண்டும். சுமார் 1,100 கிலோ காரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஏறத்தாழ 200 கிலோ பின்னாலிருந்து முன்னுக்கு மாறும். ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. அப்படியென்றால் மூக்கு சுமார் 20 மி.மீ. குனியும். பள்ளமே இல்லாத வழவழப்பான சாலையில் இது. நின்ற நிலையில் ஷாக் உடம்பு பம்ப் ஸ்டாப்பைத் தொட 20 மி.மீ.தான் மிச்சம் என்றால், பிரேக் பிடித்த நொடியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்து வரும் பள்ளம் நேராக பாடியில்தான் இறங்கும்.

இந்த மிச்சத்தை நீங்களே அளக்கலாம். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் தண்டில் ஒரு சிறிய கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடம்பின் மேல்விளிம்பு வரை தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் வழியில் ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்குள் ஆழமாக அமுங்கிப் போயிருந்தால் கார் தாழ்வு. அதற்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தால் உயரம் போதும். பின்பக்கமும் இதேபோல் பாருங்கள். ஆனால் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு. அம்மாவின் புகாருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பதைவிட, கார் தரையில் நிற்கும்போது அடியில் எட்டிப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். இறக்க இறக்க அது கிடைமட்டமாகும். அதையும் தாண்டி சக்கரப்பக்கம் மேலே தூக்கிவிட்டால் கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று நம்பித்தான் பலரும் செலவு செய்கிறார்கள். போலோவின் முன்பக்கம் போல மெக்ஃபர்சன் ஸ்டிரட் உள்ள வண்டியில் காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கிவிடுவதால் வரும் வினை இது. அதோடு ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். என்னிடம் வந்த தாழ்த்திய கார்களில் பாதிக்கு மேல், ஆர்ம் கிடைமட்டத்துக்கு வரும்வரை தூக்கியதுமே ஓட்டம் மாறியிருக்கிறது.

ஸ்பீட் பிரேக்கரையும் அளந்தே பேசலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் தரமான மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதன் வளைவு அவ்வளவு மென்மையானது என்பதால், மெதுவாகப் போனால் போலோவின் நீளத்துக்கு நடுவயிற்றில் 4, 5 செ.மீ.தான் குறையும், தாழ்த்திய காரும் தப்பிவிடும். உரசுவது, தெருவில் சிமென்ட்டைக் குவித்துப் போட்ட குறுகலான மேடுகள். அங்கே மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு வரும். உங்கள் தெருவில் இருக்கும் மிக மோசமான மேட்டை டேப் வைத்து அளந்து வாருங்கள். உங்கள் காரின் உயரத்தை அதுதான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டாண்டர்ட் போலோவுக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ. அதில் 50 போனால் மிச்சம் 115. நான் உங்களுக்குச் சொல்வது: கம்பெனி உயரத்திலிருந்து 25 மி.மீ. மட்டும் இறக்குங்கள், அதிகபட்சம் 30.

இனி உயரத்தை வைக்கும் முறை. சமதளமான தரை வேண்டும். டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்கைப் பாதி நிரப்பி, டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை அடுக்குங்கள். ஆளில்லாமல் அளந்தால் வலப்பக்கம் பொய் சொல்லும். தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள். டயர் தேய்வு கணக்கில் புகாது. கம்பெனி அளவு தெரியாவிட்டால் நண்பரின் மாற்றாத போலோவில் அளந்துகொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கைத் தாங்கி உயரத்தை மாற்றும் வளையத்தைத் திருகும் முன் அதன் மரைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை எடுத்துவிடுங்கள். கோவை மழைக்குப் பிறகு மண்ணோடு திருகினால் அலுமினிய வளையம் கடித்துக்கொள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள். பின்னால் 10 மி.மீ. திருகினால் சக்கரத்தில் அதே 10 வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அளந்து பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள்; கடகடவென ஆடினால் இன்னும் தாழ்வாகவே இருக்கிறது என்று பொருள். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பதும் தவறு. சாதாரண நேர்விகித ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, உயரம்தான் மாறும்.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். சக்கரங்கள் உள்வாங்கி நிற்கும். நாலு அடி முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கிவிட்டு அளங்கள். இடம் வலம் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிச் சரிக்கட்டினால், ஒரு கால் நீண்ட நாற்காலி மாதிரி குறுக்கு மூலைகள் இரண்டும் பாரத்தைத் தாங்கும். மற்ற இரண்டும் இலேசாகிவிடும்.

பலரும் தவறவிடும் ஒரு வேலை: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அன்றே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். உள்பக்கத் தேய்வுக்கு எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, குறை சொல்வார்கள். உயரம் மாறியதும் கெட்டுப்போகும் டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பெரும்பாலும் காரணம். ஹெட்லைட்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது.

500 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி அதே அரிசிச் சிப்பங்களோடு நான்கு அளவையும் எடுங்கள். உயர வளையத்தை நகராமல் பிடிக்கும் லாக் வளையம் தளர்ந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.