சந்தா கட்டி வாங்கினால் செலவு குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டே பேர். ஆண்டுச் சந்தா கட்டி, பெரிய பொதிகளாக வாங்கும் கிடங்கு அங்காடியில் சேரலாம் என்கிறார் கணவர். சந்தா இல்லாத தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டே போதும் என்கிறேன் நான். எதில் மளிகைச் செலவு குறையும்?

பதில்: இரண்டுமே மலிவான கடைகள்தாம், மலிவு வரும் வழிதான் வேறு. காஸ்ட்கோ போன்ற கிடங்கு அங்காடி சுமார் 4,000 வகைப் பொருள்களை மட்டும் வைத்து, மிகக் குறைந்த லாபத்துக்கு விற்றுவிட்டு, சந்தாப் பணத்தையே தன் லாபத்தின் பெரும்பகுதியாக நம்பியிருக்கிறது. ஆல்டி போன்ற தள்ளுபடிக் கடை அதைவிடக் குறைந்த வகைகளை, பெரும்பாலும் தன் சொந்தப் பிராண்டில், வந்த அட்டைப் பெட்டியோடே அலமாரியில் வைத்து, ஆள் செலவைக் குறைக்கிறது.

முதலில் சந்தா கட்டுபடியாகிறதா என்று பாருங்கள். 10 சதவீதம் மிச்சமாகும் என்றால், மற்ற கடை விலைக் கணக்கில் சந்தாவைப் போல் 9 மடங்குக்குப் பொருள் வாங்கிய பிறகும் நீங்கள் நட்டத்தில்தான் இருப்பீர்கள். 10 மடங்கைத் தாண்டினால்தான் லாபம். அந்த 10 சதவீதம் எந்த விலையோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது என்பது இதைவிட முக்கியம். வழக்கமான சூப்பர் மார்க்கெட்டின் பிரபல பிராண்டோடு ஒப்பிட்டால் மிச்சம் பெரிதாகத் தெரியும். தள்ளுபடிக் கடையின் சொந்தப் பிராண்டோடு ஒப்பிட்டால் பல பொருள்களில் அது கரைந்துபோகும். ஆகவே, நீங்கள் அடிக்கடி வாங்கும் பொருள்களைப் பழைய ரசீதுகளிலிருந்து எழுதி, இரு கடைகளிலும் பொதியின் விலையை விட்டுவிட்டு, கிலோவுக்கும் லிட்டருக்கும் என்ன விலை என்று குறித்துப் பாருங்கள்.

அடுத்தது வீணாவது. லிட்டருக்கு 20 சதவீதம் மலிவு என்று பெரிய கேன் எண்ணெய் வாங்கி, கடைசிக் கால் பங்கு சிக்கு வாடை அடித்துக் கொட்ட நேர்ந்தால், பயன்பட்ட எண்ணெய்க்கு வழக்கமான விலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். சலவைத்தூள், காகிதப் பொருள்கள் ஆகியவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. அவற்றை வைக்க இடம் இருந்தால் போதும். இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு என் பரிந்துரை தள்ளுபடிக் கடைதான்.

கேள்வி: சொந்தப் பிராண்டு என்றால் தரம் குறைவா?

பதில்: அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. பெயர்பெற்ற நிறுவனங்களே கடைகளுக்காகத் தயாரித்துக் கொடுப்பதும் உண்டு. சேர்மானப் பட்டியலையும் நிகர எடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முதலில் ஒரு சிறிய பொதி வாங்கிப் பாருங்கள்.